பிள்ளையும் மாத்திரையும்

“ஐந்து வயசுப் பிள்ளைக்கு மனசு சம்பந்தமான மருந்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்று தாயைக் கூப்பிட்டு வைத்து அபிப்பிராயம் கேட்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அவளுக்கு என்ன தெரியும்? டாக்டர் எழுதுகிறார், அவள் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே?”

இதைச் சொன்னவர் நன்றாகப் படித்தவர். நாலு பேருக்கு உபகாரம் செய்கிறவர். கோவில்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் இதைச் சொன்னார். பந்தியில் உட்கார்ந்து தர்க்கம் பண்ணினால் முதுகுக்குப் பின்னால் இடத்துக்குக் காத்து நிற்கிறவர்கள் வைவார்கள். ஆகையால் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. காலேஜில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுக் கதை எழுத வந்தவன். ஆனால் ‘அவளுக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று அவளையே கேட்டால் போதும். நான் கேட்டேன்.

குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. ஊரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புருஷன் வெளியூரில் லாரியில் போகிறவன். அவளுக்கு மிளகாய் பறிக்கிற காலத்தில் மிளகாய், உளுந்து பிடுங்குகிற காலத்தில் உளுந்து. எப்படியாவது மூத்த பையன் இங்கிலீஷ் படித்துவிட வேண்டும் என்று கம்மலை அடகு வைத்து, வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். பையனுக்கு ஆறு வயசு. உட்கார மாட்டான், எழுத மாட்டான், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான், வகுப்பு நடக்கும்போது வாசலுக்கு ஓடி வேனைப் பார்ப்பான். பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: “ஒன்று, டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள்.” பெரிய ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பத்து நிமிஷத்துக்குள் மாத்திரை எழுதியாயிற்று. மூன்று மாசம் கழித்து வரச் சொன்னார்கள்.

“மாத்திரை கொடுத்தா பய அமந்துருதான், அண்ணாச்சி. இல்லேங்கல. ஸ்கூல்ல குத்தம் சொல்லுதது நின்னுபோச்சி. ஆனா மத்தியானம் சோத்த அப்படியே வச்சிட்டு வாரான். சாயந்தரம் அஞ்சு மணியானா என்னமோ மாதிரி அழுதான், தம்பிய அடிக்கான். ராத்திரி பத்து பதினோரு மணி வரைக்கும் முழிச்சிக் கெடக்கான். போன தீவாளிக்கு எடுத்த சட்ட இப்ப தொளதொளன்னு இருக்கு. இதையெல்லாம் யாருகிட்டச் சொல்ல?”

படித்த நண்பரே, கேட்டீர்களா? பசி குறைவது, தூக்கம் கெடுவது, எடை இறங்குவது, மருந்தின் வேகம் தணிகிற நேரத்தில் எரிச்சலும் அழுகையும் வருவது — இந்த வகை மருந்துக்கு வைத்தியப் புத்தகம் எழுதி வைத்திருக்கிற பக்க விளைவுகள் இவை. தாய் புத்தகத்தைப் படித்ததில்லை. சோற்றுப் போணியைத் திறந்து பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். டாக்டருக்கு மூன்று மாசம் கழித்துத் தெரியப்போகிறது இவளுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? நிறுத்தலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேட்க அவளுக்கு ஆளும் இல்லை, தைரியமும் இல்லை. நிறுத்தினால் பள்ளிக்கூடம் போய்விடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே, இங்கிலீஷ் மருந்தே விஷம்” என்று என் தோளில் கை போட ஒரு கூட்டம் வரும். அந்தக் கை எனக்கு வேண்டாம். மருந்து வேலை செய்கிறது. 1937-இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்ற சின்ன மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் தம் ஆஸ்பத்திரியில் இருந்த 30 பிள்ளைகளுக்கு பென்ஸிட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். உற்சாகத்தைத் தூண்டுகிற மருந்து அது. ஆனால் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் அமைதியாகிப் பாடத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பேர் வைத்தார்களாம். பிற்பாடு, 1944-இல் உண்டாக்கப்பட்ட மெதில்பெனிடேட் அந்த இடத்தைப் பிடித்தது. 1999-இல் அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயசு வரையிலுள்ள 579 பிள்ளைகளைப் பதினாலு மாசம் வைத்துப் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, வெறும் பயிற்சியைவிட, துறுதுறுப்பையும் கவனச் சிதறலையும் நன்றாகக் குறைத்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது என்பதும் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் எழுதியதுதான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவன் வியாபாரி, அல்லது சாமியார்.

தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற, தன் கையைத் தானே கடித்து ரணமாக்கிக்கொள்கிற ஆட்டிசக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த வேகத்தைத் தணிக்க ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை ஐந்து வயசுக்கு மேல் கொடுக்கலாம் என்று 2006-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அது ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது, உடம்பை ஊதவைக்கும். ஆனாலும், நெற்றி பிளந்து ரத்தம் வழிகிற பிள்ளையின் தாயிடம் போய், “ரசாயனம் வேண்டாம் அம்மா, வெறும் வயிற்றில் வெந்நீர் கொடுங்கள்” என்று உபதேசம் பண்ணுகிறவன் அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும்.

மருந்தை ஒதுக்கிவிட்டு நம் ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. குளத்தூரிலிருந்து கடற்கரை ஓரமாகக் கிழக்கே போனால் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு ‘மனநலக் காப்பக’த்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். கட்டிப்போட்டவர்கள் கொலைகாரர்கள் அல்ல. அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் தாயும் தகப்பனும் அண்ணனும்தான். வைத்தியம் எட்டாத தூரத்தில் இருந்தது. சங்கிலி பக்கத்தில் இருந்தது. அந்தத் தீயைப் பார்த்த பிறகும் மருந்தே வேண்டாம் என்று சொல்ல என் நாக்குக்கு வராது.

ஆகவே மருந்து நல்லதா கெட்டதா என்பதல்ல என் விவகாரம். கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் யார், போதும் என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான்.

முதலில் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாங்குகிற சம்பளத்துக்கு மேல் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற வாத்தியாரம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று சொல்வதற்கு அவரைவிடத் தகுந்த சாட்சி கிடையாது. சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏனென்றால் பிள்ளை அமைதியாக இருந்தால் லாபம் அடைகிற முதல் ஆள் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பரீட்சை இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள், எட்டவில்லையென்றால் “அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதியை வாத்தியாரே மே மாசத்திலோ ஜூன் மாசத்திலோ பார்த்து ஒன்று போட்டுவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் பிறந்தநாள் வரும்! சிரிப்பதற்குரிய விஷயந்தான். ஆனால் அந்தக் காதைத் தொடுகிற பரீட்சையில் ஒரு விவேகம் இருந்தது: இந்த உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று ஒப்புக்கொள்கிற விவேகம். இப்போது மூன்று வயசு நிரம்பியும் நிரம்பாமலும் எல்.கே.ஜி.யில் கொண்டுபோய்ப் போட்டு, நாலு வயசில் கோட்டுக்குள் எழுதச் சொல்கிறோம். எழுதாதவனுக்கு வியாதி என்கிறோம்.

இது என் கற்பனை இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் கணக்கை எடுத்து 2012-இல் வெளியிட்டார்கள். அங்கே வகுப்பில் சேர்க்க டிசம்பர் 31 கடைசித் தேதி. ஆகவே ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவன் மூத்தவன். டிசம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வருஷம் இளையவன். கவனக் குறைவும் துறுதுறுப்பும் உள்ள நோய் என்று டிசம்பர்ப் பையன்களுக்கு முத்திரை விழுவது ஜனவரிப் பையன்களைவிட 30 சதவிகிதம் அதிகமாக இருந்தது. மருந்து வாங்குவதோ 41 சதவிகிதம் அதிகம். பெண் பிள்ளைகளில் வித்தியாசம் இன்னும் கூடுதல். மூளையில் இருக்கிற நோய்க்கு எந்த மாசத்தில் பிறந்தோம் என்று பார்த்து வரத் தெரியுமா? பல பிள்ளைகளுக்கு நோயே இல்லை. வயசு போதவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வருஷம். கொடுத்தது மாத்திரை.

மாத்திரை வாங்கு அல்லது டி.சி. வாங்கு என்கிற பேச்சுக்கு அமெரிக்காவில் 2004-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டால்தான் பள்ளிக்கு வரலாம் என்று பள்ளி அதிகாரிகள் நிபந்தனை போடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மருந்து தயாரிப்பதிலும் விற்பதிலும் விழுங்குவதிலும் நம்மைவிடப் பல மடங்கு முன்னே போய்விட்ட தேசம் அது. அங்கேயே அந்த வேலி தேவைப்பட்டது. நம் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. ஆறு வயசு முதல் பதினாலு வயசு வரையுள்ள பிள்ளையை எட்டாம் வகுப்பு முடிகிற வரை பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது, மனசை நோகடித்து வதைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் தாயே கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அது நீக்கம் ஆகாதல்லவா? அந்தச் சந்தில்தான் பள்ளிக்கூடம் புகுந்துகொள்கிறது. அமெரிக்கக்காரன் எழுதிய அந்த ஒரு வரி நம் சட்டத்திலும் ஏற வேண்டும்.

அடுத்தது டாக்டர். இங்கேதான் என் நண்பர் ஊன்றி நிற்கிறார். நோய் என்ன, அதற்கு மருந்து உண்டா, எவ்வளவு கொடுப்பது — இது டாக்டரின் ராஜ்யம். அதில் தாய்க்கோ எனக்கோ வேலை இல்லை. ஆனால் கொஞ்சம் சட்டத்தைப் பாருங்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதினெட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளையை மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால், ஒரு டாக்டர் சொன்னால் போதாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வர வேண்டும். காப்பாளர் விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் போடக்கூடாது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மின் அதிர்ச்சி வைத்தியம் என்றால் இன்னும் கடுமை: வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் சிறு வயசினருக்கு அது கூடவே கூடாது. நல்ல சட்டம். எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வாரம் படுக்க இரண்டு பேர் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்துகொண்டே இரண்டு வருஷம் விழுங்கப்போகிற மாத்திரைக்கு ஒரு சீட்டு, ஒரு கையெழுத்து, பத்து நிமிஷம். கட்டிலைப் பார்த்துப் பயந்த சட்டம் மாத்திரையைப் பார்த்துப் பயப்படவில்லை. மெதில்பெனிடேட்டுக்கு வேறொரு காவல் இருக்கிறது: மருந்துச் சட்டத்தில் அது ‘எக்ஸ்’ அட்டவணையில் இருப்பதால் சீட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காவல் மருந்து கள்ளத்தனமாகக் கைமாறாமல் இருப்பதற்கு. பிள்ளைக்காகப் போட்ட காவல் அல்ல. பிரிட்டனில் 2018-இல் வந்த வைத்திய நெறிமுறையைப் பாருங்கள்: ஐந்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு இந்த நோய்க்கு முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, சின்னப் பிள்ளைகளின் இந்தத் தொந்தரவில் தேர்ந்த இன்னொரு நிபுணரின் அபிப்பிராயம் இல்லாமல் மருந்து கொடுக்காதே என்கிறது. காரணம் இருக்கிறது. பள்ளிக்குப் போகிற வயசுக்கு முந்திய பிள்ளைகளிடம் மருந்தின் பலன் குறைவாகவும் தொந்தரவு அதிகமாகவும் இருந்ததை 2006-இல் வந்த ஆராய்ச்சி காட்டியது.

இரண்டாவது கண் எதற்கு என்றால் இதற்கும்தான்: கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குச் சில சமயம் காது கேட்பதில்லை. பாடம் நடக்கும்போது சிலையாகி நிற்கிற பிள்ளைக்குச் சில சமயம் வலிப்பு. கை கால் உதறாத, ஒரு சில விநாடி மட்டும் வந்து போகிற வலிப்பு. மந்தமாக இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் இல்லை. வாய் பிளந்து குறட்டை விட்டு ராத்திரித் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் எரிந்து விழுகிறது. வீட்டில் குடித்துவிட்டு வருகிற தகப்பன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன செய்கிறான் என்பது எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது; தாயிடம் நிதானமாகக் கேட்டால்தான் தெரியும். பத்து நிமிஷத்தில் அவள் அதைச் சொல்வாளா?

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் தாய் கையில் கொடுத்துவிடலாம் என்கிறீரா என்று கேட்பீர்கள். அதையும் நான் சொல்லவில்லை. தாய்க்கும் பிள்ளையின் அமைதியால் லாபம் உண்டு. இதைச் சொன்னால் தாய்க்குலம் கோபித்துக்கொள்ளும்; கோபித்துக்கொள்ளட்டும். முன்னாளில் பம்பாயில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைக்கு அபின் கலந்த சின்ன உருண்டையைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் போவார்கள். ‘பால கோலி’ என்று அதற்குப் பேர். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளிகள் வீட்டில் காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் சர்பத். அமெரிக்காவில் வின்ஸ்லோ அம்மாள் பேரில் விற்ற மார்பின் மருந்து. கொடுத்தவர்கள் யாரும் ராட்சசிகள் அல்ல. பத்து மணி நேரம் ஆலையில் நிற்கிறவளுக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இல்லை. தீர்மானித்தது தாயல்ல; சங்கு ஊதிய ஆலை.

எங்கள் கோவில்பட்டிச் சீமைக்கு இது புதுப்பாடம் அல்ல. நான் சின்னப் பையனாக இருந்தபோது, விடியுமுன்னே வேன் வரும். தூக்கக் கலக்கத்தோடு சோற்றுத் தூக்கும் கையுமாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். கரிசலில் மழை பொய்த்த வருஷங்களில் அந்தப் பிள்ளைகளின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தபோது பெரிய மனிதர்கள் என்ன சொன்னார்கள்? “பிள்ளையின் நன்மைக்காகத்தான். கைத்தொழில் படிக்கிறது. வீட்டுக்கு உதவுகிறது. தாயே சம்மதித்துத்தானே அனுப்புகிறாள்?” தாய் சம்மதித்தாள் என்பது வாஸ்தவம். வேறு வழியை அவளுக்குக் காட்டாமல் வாங்கிய சம்மதம் அது. மாத்திரைச் சீட்டில் இன்றைக்கு வாங்குகிற சம்மதமும் அந்த ஜாதிதான்.

ஏனென்றால் அவளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? துறுதுறுப்பான பிள்ளையை நடத்துவது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சியைத்தான் சிறு பிள்ளைகளுக்கு முதல் வைத்தியமாக வைத்தியப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் பயிற்சிக்கு வாராவாரம் போக வேண்டும். தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ வாராவாரம் பஸ் ஏறினால், பஸ் காசும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு, வீட்டில் இருக்கிற சின்னதைப் பார்க்க ஆளும் இல்லை. மாத்திரை அப்படியல்ல. ஒரு தடவை போனால் பல வாரத்துக்கு வாங்கி வந்துவிடலாம். ஆக, டாக்டர் தீர்மானிக்கிறாரா, தாய் தீர்மானிக்கிறாளா என்று நாம் இங்கே பந்தியில் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்கையில், நடுவில் கிடக்கிற ரோடு தீர்மானித்துவிடுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த மனநலக் கணக்கில், கேரளம் நீங்கலாக மற்ற எந்த மாநிலத்திலும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறவில்லை. பெரியவர்களுக்கே இந்தக் கதி. அதே கணக்கில், பதின்மூன்று முதல் பதினேழு வயசு வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோ ஒரு மனத் தொந்தரவு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் ‘கோட்டி’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘கோட்டி பிடித்தவன்’ என்ற பேர் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, அத்தை மகளுக்குக்கூடக் கல்யாணம் தட்டிப்போகும். ஆகவே மாத்திரை விஷயம் ரகசியம். மாமியாருக்குத் தெரியாமல், சில வீட்டில் புருஷனுக்கே தெரியாமல், வாழைப்பழத்துக்குள் ஒளித்துப் பிள்ளைக்கும் தெரியாமல் கொடுக்கிறார்கள். பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “சத்து மாத்திரைன்னு சொல்லிருக்கேன் அண்ணாச்சி. பெறகு என்ன சொல்ல?” சத்து மாத்திரை சாப்பிட்டும் சட்டை ஏன் தொளதொளக்கிறது என்று அவன் ஒருநாள் கேட்பான்.

பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளையிடம் சம்மதக் கையெழுத்தா வாங்கப் போகிறோம்? கையெழுத்து வேண்டாம். மாத்திரை சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். “வயிற்றை என்னமோ பண்ணுது”, “நெஞ்சு டபடபன்னு அடிக்குது”, “விளையாடணும்னே தோணலை” — ஐந்து வயசுப் பிள்ளைக்கு இதைச் சொல்லத் தெரியும். தன் காரியத்தில் பிள்ளைக்கும் சொல்ல இடம் கொடுத்து, வயசுக்குத் தக்கபடி அதை மதிக்க வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது. டில்லியில் போட்ட கையெழுத்து இந்தப் பையனின் சோற்றுப் போணி வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

அப்படியானால் நீர் என்னதான் சொல்கிறீர் என்றால், இதுதான்: நோயைச் சொல்ல டாக்டர். வகுப்பில் கண்டதைச் சொல்ல வாத்தியார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. எப்படி இருக்கிறது என்று சொல்லப் பிள்ளை. சரி என்று சொல்லவும், போதும் என்று சொல்லவும் தாய் தகப்பன். ‘போதும்’ என்றால் தானாக நிறுத்திவிடுவது அல்ல. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. டாக்டரிடம் ‘போதும்’ என்று சொன்னால் அவர் அதைக் கேட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்லது ஏன் கூடாது என்று அவளுக்கு விளங்குகிற தமிழில் சொல்ல வேண்டும். ஆறு வயசுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது டாக்டர் ஒருவர் பார்க்காமல் முதல் மாத்திரை வாயில் விழக்கூடாது. சீட்டில் மருந்தின் பேரோடு கூட நாலு வரி தமிழில் இருக்க வேண்டும்: எதற்காகக் கொடுக்கிறோம், என்ன கண்டால் உடனே வர வேண்டும், எப்போது நிறுத்திப் பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் கொடுக்க வேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்வியை அந்தப் பெண் என்னைக் கேட்டாள். டாக்டரிடம் கேட்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

“இரண்டாவது டாக்டருக்கு எங்கே போவது? ஒருவருக்கே வழியில்லை என்று நீரே சொல்கிறீர்!” என்பார் நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் 2022 முதல் டெலி மானஸ் என்று சர்க்கார் மனநலத்துக்கென்றே இலவச டெலிபோன் வைத்திருக்கிறது, எண் 14416. டெலிபோனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்க 2020-இலேயே விதிமுறைகள் வந்துவிட்டன. விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்து, மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற குழந்தை மனநல டாக்டர் திரையில் அரை மணி நேரம் பிள்ளையையும் தாயையும் பார்ப்பதற்கு எந்த மலையையும் பிளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கவே வீடியோவில் வருகிற காலம் இது.

“அதற்குள் பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகுமே?” என்றால், எவ்வளவு நாள் தாமதம்? பத்து நாள், பதினைந்து நாள். வலிப்புக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை; தன் உயிருக்கோ பிறத்தியார் உயிருக்கோ ஆபத்தான நிலையில் இருக்கிற பிள்ளைக்கும் சொல்லவில்லை. அந்த இடத்தில் கையில் இருக்கிற டாக்டர் ஒருவரே போதும், அன்றைக்கே போதும். பென்சிலைப் பிடுங்குகிற ஆறு வயசுப் பையன் பதினைந்து நாள் காத்திருக்கலாம். அந்தப் பதினைந்து நாளில் அவன் காதைப் பரிசோதித்துவிடலாம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். எடையை எழுதி வைத்துக்கொள்ளலாம். அவன் தகப்பனை லாரியிலிருந்து இறங்கி வரச் சொல்லலாம்.

பள்ளிக்கூடமும் அந்தப் பதினைந்து நாளைக்கு அவனை வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைக்கலாம். அவனுக்கு வேன் தெரிந்தால் போதும்.